முகூர்த்த நாளும் வெறும் நாளும்: தனியாகத் தொழில் தொடங்கும் கல்யாண போட்டோகிராபருக்கு

கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒரு தினசரிக் காலண்டர் வாங்குங்கள். அதன் பின்பக்கத்தில் அந்த ஆண்டின் சுபமுகூர்த்த தினங்கள் அச்சிடப்பட்டிருக்கும். வளர்பிறை, தேய்பிறை இரண்டையும் எண்ணி, வளர்பிறை முகூர்த்தங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வருகிற வளர்பிறை முகூர்த்தத்துக்கு இரண்டு வட்டம். தமிழ்நாட்டில் கல்யாண போட்டோகிராபரின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கிறது. ஊரில் இருக்கிற அத்தனை மண்டபமும் அன்றைக்கு நிரம்பும், அத்தனை போட்டோகிராபருக்கும் அன்றைக்கு வேலை இருக்கும். அடுத்த நாள் யாருக்கும் இருக்காது.

இதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்குகிறவர்கள் முதல் ஆண்டிலேயே ஒரு தப்பு செய்வார்கள். இரட்டை வட்டம் போட்ட நாளைத் தெரிந்தவர் வீட்டுக் காதணி விழாவுக்குக் குறைந்த தொகையில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு அதே நாளுக்கு வருகிற இரண்டு கல்யாண ஆர்டர்களைக் கைவிடுவார்கள். நாளைக் கொடுப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஆண்டு எப்படி ஓடுகிறது

தை பிறந்ததும் ஆர்டர்கள் தொடங்கும். தையும் மாசியும் நல்ல மாதங்கள். மழை ஓய்ந்து, மரமெல்லாம் பச்சையாக, வானம் தெளிவாக இருக்கும் என்பதால் அவுட்டோர் படங்களுக்கும் இதுவே சிறந்த காலம். பங்குனியில் சில வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை, கொஞ்சம் மந்தமாகும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் உச்சம். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் மஞ்சள் நீராட்டு, காதணி, புதுமனை புகுவிழா எல்லாம் வைகாசியில் வந்து குவியும். ஆடியில் இந்துத் திருமணம் இல்லை. ஆவணி மறுபடி உச்சம். புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் தவிர்த்துவிடுவார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல மாதங்கள்தான், ஆனால் வடகிழக்குப் பருவமழையோடு வரும். மார்கழியில் மீண்டும் ஓய்வு.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. கிறிஸ்தவக் குடும்பங்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தையும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தையும் தவிர்ப்பார்கள். ஆடி அவர்களுக்குத் தடையில்லை. நிக்காஹ் பொதுவாக ரமலான் மாதத்தில் வைப்பதில்லை. இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் ரமலான் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகரும். மூன்று சமூகத்தாரிடமும் அறிமுகம் உள்ள போட்டோகிராபருக்கு வெறும் மாதம் என்று ஒன்று அதிகம் இருக்காது. புதிதாக வருகிறவர்கள் தங்கள் தெரு, தங்கள் சாதி, தங்கள் சொந்தம் என்ற வட்டத்துக்குள்ளேயே ஆர்டர் தேடுவதால்தான் ஆடியில் கையைப் பிசைகிறார்கள்.

முதல் பத்துக் கல்யாணம்

சொந்த ஆர்டர் எடுப்பதற்கு முன் குறைந்தது பத்துக் கல்யாணத்துக்கு வேறொருவரிடம் நாள் சம்பளத்துக்குப் போங்கள். முதல் மூன்றுக்கு லைட்மேனாகப் போவது நல்லது. படம் எடுக்கும் பொறுப்பு இல்லாமல், சடங்கு எந்த வரிசையில் நடக்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள், மேடையில் கூட்டம் எப்போது ஏறுகிறது என்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கொங்கு வீட்டுச் சீர்களும் ஐயர் வீட்டு ஊஞ்சலும் நாடார் வீட்டுச் சடங்கும் வேறு வேறு. ஒரே சமூகத்துக்குள்ளேயே மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். எதிலும் “எனக்குத் தெரியும்” என்று இருக்காமல், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து வரிசையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சிலேயே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: விடக்கூடாத ஆட்கள் யார்? தாய்மாமன் மாலை போடுவதையோ பட்டம் கட்டுவதையோ தவறவிட்டால் அந்தக் குறை ஆல்பம் உள்ளவரை பேசப்படும். அப்பாவோ அம்மாவோ இல்லாத வீட்டில், மாலை போட்ட அவர்களுடைய படத்தின் முன் மணமக்கள் விழுந்து வணங்குவார்கள். அதற்கு யாரும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஆல்பத்திலேயே அதுதான் பெரிய படம். இரண்டு வீட்டாரிலிருந்தும் சொந்தம் முழுதும் தெரிந்த ஒருவரை, ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ, உங்களுக்குத் துணையாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியது

இரண்டு பாடி (லென்ஸ் மாட்டாத கேமரா). இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தாலி கட்டும் நேரத்தில் ஷட்டர் மாட்டிக்கொண்டால் இரண்டாவது பாடி கழுத்தில் தொங்க வேண்டும், பைக்குள் இருந்து பயனில்லை. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பேட்டரி, ஒரே மவுண்ட்டாக (லென்ஸ் மாட்டும் வாய்) இருந்தால் மனக்கணக்கு குறையும். குறைந்தது ஒரு பாடியிலாவது இரண்டு கார்டு ஸ்லாட் இருந்து, இரண்டிலும் ஒரே சமயத்தில் பதிவாக வேண்டும்.

லென்ஸில் (முதல் எண் மில்லிமீட்டரில் குவியத் தூரம், எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவு) 24-70 எஃப் 2.8 ஒன்றும் 85 எஃப் 1.8 ஒன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம். 70-200 எஃப் 2.8 மண்டபத்தில் மிகவும் பயன்படும், ஆனால் விலை அதிகம். முதல் ஆண்டு அதை முகூர்த்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். முகூர்த்தத்தன்று வாடகைக் கடையிலும் தட்டுப்பாடு இருக்கும், ஆகவே ஆர்டர் உறுதியான அன்றே சொல்லிவைக்க வேண்டும். முந்தைய நாள் கையில் வாங்கியதும் கடையிலேயே உங்கள் பாடியில் மாட்டி, அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று படமெடுத்து ஃபோகஸ் சரிபாருங்கள். கண்ணாடியைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறலைக் கடைக்காரர் முன்னிலையில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஷ் மூன்று, அவற்றைத் தூரத்திலிருந்து எரியவைக்கும் டிரிக்கர் இரண்டு, லைட் ஸ்டாண்டு இரண்டு, குடை இரண்டு. ஒரு பாடிக்கு நான்கு பேட்டரி. ஃப்ளாஷுக்கு ரீசார்ஜ் செய்யக்கூடிய டபுள் ஏ பேட்டரி நான்கு செட். கார்டு 256 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி நான்கு நல்லது, ஒன்று கெட்டாலும் கல்யாணம் முழுதும் போகாது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், காஃபர் டேப், கறுப்புத் துணி, சேப்டி பின். டேப்பை மறக்காதீர்கள். மேடையில் ஓடும் ஒயரை ஒட்டாமல் விட்டால், புடவை தடுக்கி யாராவது விழுவார்கள், அல்லது ஸ்டாண்டு விழும்.

ஷட்டருக்கும் ஆயுள் உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 4,000 படம் என்றால் 25 கல்யாணத்தில் ஒரு லட்சம். பல பாடிகளின் ஷட்டர் ஒன்றரை லட்சம் முதல் மூன்று லட்சம் வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்லும். பழைய பாடி வாங்குகிறவர்கள் ஷட்டர் கவுண்ட் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வரவேற்பு மாலை

பெரும்பாலான ஊர்களில் முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வரவேற்பு. இங்கே வேலை எளிது, ஆனால் நீளம்: மேடைக்கு வந்துகொண்டே இருக்கும் வரிசை. இரண்டு ஃப்ளாஷையும் குடையோடு மேடையின் இரு ஓரத்திலும் ஏழடி உயரத்தில் வைத்து, நடுவை நோக்கித் திருப்புங்கள். எஃப் 5.6, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 1250 முதல் 1600. மூன்று வரிசையாக நின்றால் எஃப் 8. கண்ணாடி போட்டவர் முகத்தில் குடை தெரிந்தால் ஸ்டாண்டை இன்னும் ஒரு அடி உயர்த்துங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று படம் கட்டாயம். ஏழு பேர் நிற்கும் படத்தில் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார், அவர் வீட்டில் அது ஒன்றுதான் படமாக இருக்கும்.

மணமக்களுக்குப் பின்னால் எல்இடி வால் (சுவர்போல் நிற்கும் எல்இடி திரை) வைத்திருந்தால் கவனம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். எல்இடி வால் அதைவிட வேறு கணக்கில் துடிக்கும். ஷட்டர் வேகம் ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். கேமராவின் சின்னத் திரையில் அது கண்ணுக்குப் படாது, வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் நூறு படமும் பாழாகியிருக்கும். மேடைக்கு ஆள் ஏறும் முன்பே 1/60, 1/100, 1/125, 1/160 என நான்கு வேகத்தில் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, பட்டை விழாத வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

வீடியோ எடுப்பவரோடு மாலையிலேயே பேசிவிடுங்கள். அவருடைய எல்இடி விளக்கு எங்கே நிற்கும், தாலி கட்டும்போது அவர் எந்தப் பக்கம், நீங்கள் எந்தப் பக்கம். இந்த ஐந்து நிமிடப் பேச்சு நடக்காத கல்யாணங்களில்தான் முகூர்த்த நேரத்தில் ஒருவர் முதுகை ஒருவர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

விடியற்காலை

நாலரை மணி முகூர்த்தம் என்றால் மணமகள் ஒரு மணிக்கே அலங்காரத்துக்கு உட்காருவார். நீங்கள் இரண்டரைக்கு அந்த அறையில் இருக்க வேண்டும். அறையில் வெள்ளை டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் முகத்தின் ஒரு பாதி நீலம், ஒரு பாதி ஆரஞ்சு. அதை எடிட்டிங்கில் சரிசெய்யவே முடியாது. இரண்டில் ஒன்றை அணைக்கச் சொல்லுங்கள். அலங்காரம் செய்பவரின் கண்ணாடி விளக்கு நன்றாக இருந்தால் அது ஒன்றே போதும், ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) அதற்குத் தகுந்தபடி கையால் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்கு வந்ததும் கூரையைப் பாருங்கள். வெள்ளைக் கூரை, உயரம் 12 அடிக்குள் என்றால் ஃப்ளாஷை மேலே திருப்பி அடிக்கலாம். மரம், தங்க நிற ஃபால்ஸ் சீலிங், ரோஸ் நிறத் துணிப் பந்தல் என்றால் அந்த நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். அப்போது மேடையின் இரு ஓரத்தில் ஸ்டாண்டில் வைத்த ஃப்ளாஷ்தான் காப்பாற்றும்.

வெள்ளைப் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, அருகில் அரக்குக் கூறைப்புடவை, கழுத்து நிறைய நகை. வெளிச்சத்தைத் தானாக அளக்கும் கேமரா வேட்டியைப் பார்த்துப் பயந்து, முகங்களை இருட்டாக்கும். மாநிற முகமும் கறுத்த முகமும் சாம்பலாய்ப் போவது இதனால்தான். முகத்தை வைத்து அளவெடுங்கள், அல்லது எக்ஸ்போஷரை 0.3 முதல் 0.7 ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள். நகையில் ஒளி வெடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் பதியும் கோப்பு) எடுத்தால் வேட்டியின் வெள்ளையைக் கொஞ்சம் மீட்கலாம். முகத்தின் நிறத்தைப் பிறகு வெளுக்க வைப்பது ஆல்பம் போடுகிற பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத் தொடாதீர்கள். கல்யாணத்தன்று தான் எப்படி இருந்தோம் என்று பார்க்கத்தான் ஒருவர் ஆல்பத்தைத் திறக்கிறார். அங்கே வேறு யாரோ ஒரு வெள்ளை முகம் இருக்கக்கூடாது.

தாலி கட்டும் பதினைந்து நொடி

புதியவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள், ஆகவே விரிவாகச் சொல்ல வேண்டும்.

தேங்காய்மேல் தாலி வைத்த தட்டு, சபையில் ஆசீர்வாதத்துக்குப் போகும். அந்தத் தட்டு கீழே இறங்கியதும் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மண்டபத்தைப் பொறுத்து மூன்று முதல் பத்து நிமிடம் கிடைக்கும். உடனே மூன்று வேலை: புது பேட்டரி, காலியான கார்டு, ஃப்ளாஷுக்குப் புது செட். தட்டைத் தொட்டு வணங்கும் பாட்டிகளின் கைகளை இரண்டாவது ஆள், அதாவது உங்களோடு வரும் இரண்டாவது போட்டோகிராபர், எடுக்கட்டும்.

ஃப்ளாஷை முழு சக்தியில் வைக்காதீர்கள். முழு சக்தியில் ஒரு முறை வெடித்தால் மறுபடி தயாராக இரண்டு முதல் நான்கு நொடி ஆகும். பதினைந்து நொடிக்குள் உங்களுக்கு நான்கு முதல் எட்டு வெளிச்சப் படம்தான் கிடைக்கும், மீதி எல்லாம் இருட்டு. ஐஎஸ்ஓவை 2500க்கு ஏற்றி, ஃப்ளாஷை 1/8 அல்லது 1/16க்கு இறக்குங்கள், எஃப் 4, ஷட்டர் 1/160. இப்போது அது உங்கள் விரலோடு கூடவே வரும். நொடிக்கு ஐந்து படத்துக்கு மேல் வேண்டாம்.

ஃபோகஸில் அடுத்த பொறி. அட்சதையும் பூவும் பறக்கும்போது கேமரா அரிசிமணியைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். கண்ணைப் பிடிக்கும் வசதி இருந்தால் மணமகள் முகத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸில் அவர் முகத்தைப் பிடித்து, ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். நீங்களும் நகரக்கூடாது.

நிற்கும் இடம்: மணமக்களுக்கு எதிரே, மணமகள் பக்கமாகச் சற்று ஒதுங்கி, ஒரு முழங்காலை ஊன்றி, 24-70ஐ 35 வாக்கில் வைத்து. மாப்பிள்ளை குனியும்போது அவர் கை மணமகளின் முகத்தை மறைக்கும். எந்தக் கை, எந்தப் பக்கம் என்பது யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஐயரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மீதியை நாத்தனார் போடுவது பல வீடுகளில் வழக்கம். அவர் மணமகளுக்குப் பின்னால் நிற்பார். அந்தப் பின்பக்கத்தில் கேமராவோடு யாரும் நுழையக்கூடாது. இரண்டாவது ஆள் கீழே சபையில் நாற்காலிமேல் ஏறி, 70-200ல் பெற்றோர் முகத்தைப் பிடிக்கட்டும். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்பது மேடையில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது.

சைகை கண்ணுக்கு வருவதற்கு முன் காதுக்கு வரும். ஐயர் தாலியைத் தேங்காயிலிருந்து எடுத்துக்கொண்டே தவில்காரரைப் பார்ப்பார். “கெட்டிமேளம்” என்ற சொல் வந்ததும் மேளம் உச்சத்துக்குப் போகும். அந்தச் சொல் வரும்போது உங்கள் விரல் பாதி அழுத்தத்தில் இருக்க வேண்டும். முதல் படம்: தாலி இரு கையிலும் விரிந்து, இரண்டு முகமும் தெரிவது. பிறகு குனிந்து முடிச்சுப் போடுவது. பிறகு மணமகளின் முகம் மட்டும். முடிச்சு முடிந்தும் கேமராவை இறக்காதீர்கள். அடுத்த ஐந்து நொடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அதுவரை கற்பூரப் புகைக்கும் கூட்டத்துக்கும் நடுவே இறுக்கமாக இருந்தவர்கள், அங்கேதான் முதல்முறை சிரிப்பார்கள்.

ஹோமப் புகை நடுவில் நேரடி ஃப்ளாஷ் அடித்தால் புகைதான் ஒளிரும், முகம் வெள்ளைத் திரைக்குப் பின் போய்விடும். பக்கவாட்டு ஸ்டாண்டை மட்டும் எரியவிட்டு, கேமராமேல் உள்ளதை அணைத்துவிடுங்கள். கூட்டத்திலிருந்து செல்போன் நீட்டுகிற கைகளைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. தட்டு சுற்றும்போதே உங்களுக்குத் துணையாகத் தந்த அந்தச் சித்தப்பாவை விட்டு, முன்வரிசையைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சண்டை, அவர் சொன்னால் உட்காருவார்கள்.

கோயில் கல்யாணத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. வடபழனி போன்ற கோயில்களில் முகூர்த்த நாளன்று அடுத்தடுத்துத் திருமணம் நடக்கும், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். கேமராவுக்கான அனுமதிச் சீட்டை முந்தைய நாளே கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஸ்டாண்டு இல்லாமல், ஒரு ஃப்ளாஷோடு முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் பங்குத் தந்தையிடம் எங்கே நிற்கலாம், எப்போது ஃப்ளாஷ் அடிக்கலாம் என்று கேட்காமல் பீடத்தின் பக்கம் போகாதீர்கள்.

முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். முதல் பந்தியிலேயே உங்கள் ஆட்களை இருவர் இருவராக அனுப்பும்படி முன்பே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். கடைசிப் பந்திவரை நின்று, இரண்டு இரவு தூக்கமில்லாமல், மதியம் பைக்கில் ஊர் திரும்புவது இந்தத் தொழிலில் உயிருக்கே ஆபத்தான வேலை. மண்டபத்திலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

குளிப்பதற்கு முன் கார்டுகளை நகலெடுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 4,000 ரா ஃபைல், ஒன்று 30 எம்பி என்றால் 120 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கோப்பு எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்தும் பாருங்கள். அடுத்த ஆர்டருக்குக் கார்டு தேவை என்று அழிக்கிற அவசரத்தில்தான் கல்யாணங்கள் காணாமல் போகின்றன. அழிப்பதைக் கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய்துதான் அழிக்க வேண்டும்.

ஆல்பம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் இல்லை, வாடிக்கையாளரின் படத் தேர்வு. 900 படத்தைக் கொடுத்து 120 தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆறு மாதம் ஆகும். நீங்களே 300க்குச் சுருக்கி, எண் போட்டு, சிறிய அளவில் அனுப்புங்கள். 45 நாளுக்குள் தேர்வு வராவிட்டால் போட்டோகிராபரே தேர்ந்தெடுப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஆல்பத்தில் இரு பக்கம் சேர்ந்த விரிப்பு 12×36 அங்குலம் என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10,800×3,600 பிக்சல். நடு மடிப்பில் முகம் விழாமல் பாருங்கள். ஓரத்தில் கால் அங்குலம் வெட்டுப்படும், அங்கே கையோ தலையோ இருக்கக்கூடாது. பெயர்களையும் இனிஷியலையும் பத்திரிகையைப் பார்த்து எழுதி, வீட்டாரிடம் எழுத்துமூலம் சரி வாங்குங்கள். ஒரு எழுத்துப் பிழைக்காக முழு ஆல்பத்தைத் திரும்ப அடித்தால் அந்த ஆர்டரின் லாபம் போய்விடும். மானிட்டர் வெளிச்சம் முழுதாக வைத்து வேலை செய்தால் பிரிண்ட் இருட்டாக வரும். பாதிக்குக் குறைத்து வைத்து, ஆறு படத்தை 4×6ல் அதே லேபில் அடித்துப் பார்த்துவிட்டு ஆல்பத்துக்கு அனுப்புங்கள்.

பணமும் தாளும்

ஒரு உதாரணக் கணக்கு. தொகை ஊருக்கு ஊர் மாறும், போடும் முறையைப் பாருங்கள். 60,000 ரூபாய்க்கு ஆர்டர். ஆல்பம் பிரிண்ட் 12,000, டிசைன் 4,000, இரண்டாவது போட்டோகிராபர் 10,000, லைட்மேன் 3,000, வாடகை லென்ஸ் 4,000, வண்டி 3,000, டிஸ்க் 2,000. செலவு 38,000, மீதி 22,000. மூன்று லட்ச ரூபாய்க் கருவி நான்கு ஆண்டு ஓடினால், ஆண்டுக்கு 25 ஆர்டர் என்ற கணக்கில் ஆர்டருக்கு 3,000 தேய்மானம். மீதி 19,000. இதற்கு இரண்டு நாள் படப்பிடிப்பும் ஐந்து நாள் எடிட்டிங்கும். “60,000 வாங்கினான்” என்று ஊர் சொல்லும், உங்கள் கூலி நாளுக்கு 2,700.

முன்பணம் 30 சதவீதம் வந்தால்தான் நாள் உறுதி. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலைக்குள் இன்னும் 50, ஆல்பம் கொடுக்கும்போது 20. முகூர்த்த நாள் ரத்தானால் அதை மறுபடி விற்க முடியாது என்பதால் முன்பணம் திரும்பக் கிடையாது என்று எழுதுங்கள். ஆனால் வீட்டில் துக்கம் நேர்ந்து தேதி தள்ளிப்போனால், உங்களிடம் காலியாக இருக்கும் இன்னொரு நாளுக்கு முன்பணத்தை மாற்றிக்கொடுங்கள். இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அந்த நேரத்தில் யாரும் பேரம் பேச வேண்டியிருக்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்படும் போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அவர்கள் கல்யாணப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட ஒரு வரி சம்மதம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய மண்டபத்தில் ட்ரோன் ஆர்டரே எடுக்காதீர்கள்.

வெயிலும் மழையும்

சித்திரையில் சூரியன் உச்சந்தலையில் நிற்கும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நடுப்பகலில் நிழலே விழாத நாள் வருகிறது. அந்த ஒளியில் கண்குழி கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழும். அவுட்டோர் என்றால் காலை ஏழரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டுமானால் திண்ணை, தாழ்வாரம், கோபுர வாசலின் உள்பக்கம் என்று மேலே கூரையும் முன்னே வெளிச்சமும் உள்ள இடம் தேடுங்கள். மரநிழலில் புள்ளிப் புள்ளியாக வெயில் விழும் இடம் வேண்டாம். மாலை மஞ்சள் ஒளி நம் ஊரில் அரை மணி நேரம்தான். ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் 6:40 வாக்கில் மறையும், நவம்பர் கடைசியில் 5:40க்கே போய்விடும். ஜூலையில் போட்ட நேரக் கணக்கை நவம்பரில் போட்டால் இருட்டில் நிற்பீர்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கு முன்னால் எடுக்க ஆசைப்படாதவர் இல்லை. அது தொல்லியல் துறையின் இடம், ட்ரைபாட், லைட் ஸ்டாண்டுக்கு முன் அனுமதி வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். காட்டுப்பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எதிரி ஈரம். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துணியால் தேய்க்காமல், பையை மூடியபடி இருபது நிமிடம் வெளியே வைத்துப் பிறகு திறவுங்கள். நனைந்த பையை அப்படியே அலமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

வெறும் மாதங்களில் முகங்கள்

ஆடியில் குலதெய்வக் கோயில்களில் மொட்டை, காதுகுத்து நடக்கும். ஆவணியை ஒட்டிக் கிருஷ்ண ஜெயந்தி வருவதால், குழந்தைக்குக் கிருஷ்ணர் வேடம் போட்டு எடுக்க இரண்டு வாரம் முன்பிருந்தே கேட்பார்கள். மார்கழியில் சென்னையில் நடனக் கலைஞர்களுக்குப் படம் தேவை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். இவை பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து நடப்பதால் ஆடி, மார்கழி பார்ப்பதில்லை. பேரன் பேத்தி எல்லாரும் ஒன்றாகக் கூடுவதும் அன்றைக்குத்தான். மயிலாடுதுறை பக்கம் இருக்கிற போட்டோகிராபர்களுக்கு இது பெரிய வரம்.

வீட்டில் குழந்தை படம் எடுக்க ஸ்டுடியோ வேண்டாம். கிழக்கு ஜன்னல், காலை எட்டிலிருந்து பத்து. நேர் வெயில் உள்ளே விழுந்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுங்கள். ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளிப் பாயில் குழந்தையை விட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். நிழல் பக்கம் மென்மையாக நிறையும். சுவர் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும், தெர்மாகோலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து மறையுங்கள். எஃப் 2.8, ஷட்டர் 1/250க்குக் குறையாமல், நீங்களும் தரையில் படுத்து, குழந்தையின் கண் மட்டத்தில். தூங்கி எழுந்து, பால் குடித்த பிறகுதான் தொடங்க வேண்டும். கிடைப்பது இருபது நிமிடம். மயிலிறகையும் வெண்ணெய்ச் சட்டியையும் கடைசியில் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் சட்டி வாய்க்குள் போய்விடும், முகம் கிடைக்காது.

மார்கழி பாதிக்குள் கார்த்திகை ஆல்பங்கள் எல்லாம் வீடு சேர்ந்திருக்க வேண்டும். பிறகு சென்சார் சுத்தம், ஷட்டர் கவுண்ட், சார்ஜ் நிற்காத பேட்டரிகளை ஒதுக்குதல், ஸ்டாண்டுகளின் திருகு. புதுக் காலண்டர் கைக்கு வந்திருக்கும். தை முதல் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு ஏழடி உயரத்தில் இரண்டு ஃப்ளாஷையும் ஏற்றி, 1/8 சக்தியில் தொடர்ந்து ஐம்பது முறை அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு முறை தவறினாலும் டிரிக்கரை மாற்ற இன்னும் மூன்று நாள் இருக்கிறது.